மூன்று மணி டிக்

பிலிப்பா இரண்டு தாள்களை மேசைமேல் அருகருகே வைத்தாள்.

“இது ஓட்டக்காரி இருந்த வாரம். இது இல்லாத வாரம். வித்தியாசம் சொல்லு.”

பார்த்தேன். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தது, வாய் சுத்தம், கண் மருந்து, வலி விசாரித்தது. ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சதவீதம். இரண்டு தாளிலும் தொண்ணூற்றொன்பது.

“வித்தியாசம் இல்ல.”

“இல்லதானே. அப்ப அந்த ஆள் எதுக்கு, நோலா?”

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டுக் கட்டில்கள். செயற்கைச் சுவாசக் குழாய் போட்டவருக்கு ஒரு நர்ஸ். குழாய் இல்லாதவர்கள் என்றால் இருவருக்கு ஒரு நர்ஸ். ஒவ்வொரு முறைக்கும், அதாவது ஷிப்டுக்கும், பொறுப்பாக ஒருவர். காலையில் அது பெரும்பாலும் நான். இவர்களுக்கு மேல் இன்னும் ஒருவர் உண்டு. அவருக்கென்று கட்டில் கிடையாது. எங்கே கை போதவில்லையோ அங்கே போவார். ஓட்டக்காரி என்போம். ஆணாக இருந்தாலும் ஓட்டக்காரிதான்.

ஓட்டக்காரி இல்லாமல் இரண்டு வாரம் நடத்திப் பார்ப்பது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அன்று இரண்டாம் வாரத்தின் புதன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் நர்ஸிங் மேலாளரான பிலிப்பா அறிக்கை அனுப்பவேண்டும். அந்த அறிக்கையோடு அந்த இடம் நிரந்தரமாகப் போய்விடும்.

“கீழ வந்து ஒரு நாள் நின்னு பாரு,” என்றேன்.

“பன்னெண்டு வருஷம் நின்னவதான் நான்.”

“அப்ப ஓட்டக்காரி இருந்தா.”

“இருந்தா. இங்க பாரு, நான் உனக்கு எதிரி இல்ல. எமர்ஜென்சில ரெண்டு ஆள் குறையுது. அவங்க தாள்ல பாதிக் கட்டம் காலி. உங்க தாள்ல ஒண்ணுகூடக் காலி இல்ல. நீ என் நாற்காலில இருந்தா யாருகிட்டேருந்து ஆள எடுப்ப?”

பதில் எனக்குத் தெரிந்தது.

ஓட்டக்காரி இல்லாத வாரத்தின் தாளை மறுபடி எடுத்து, பின்னால் இணைத்திருந்த கட்டில் தாள்களைப் புரட்டினேன். முதல் திங்கள், ஆறாம் கட்டில். ஆள் குறைவால் அன்று அந்தக் கட்டில் என்னிடம் இருந்தது. பத்து மணிக்கு நோயாளியைத் திருப்பியதாக என் டிக். பத்து மணிக்கு நான் இரண்டாம் கட்டிலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே ரத்தக்கசிவு. பன்னிரண்டு வரை நகரவில்லை.

மூன்று மணி டிக் என்று அதற்கு எங்களிடம் பெயர். மாலை முறைக்காரர்கள் மூன்று மணிக்கு மேல் வரத் தொடங்குவார்கள். அதற்குள் ஒவ்வொருவரும் தன் கட்டிலின் காலடியில் நின்று அன்றைய பெரிய தாளை முடிப்போம். காலியான கட்டங்களில் மேலிருந்து கீழாக டிக். பொய் என்று யாரும் நினைப்பதில்லை. காலிக் கட்டத்தை அடுத்தவர் கையில் கொடுப்பது அழுக்குத் தட்டை நீட்டுவது போல. நேரம் இருந்திருந்தால் செய்திருப்போம். பல நாட்களில் தாமதமாகச் செய்தும் இருப்போம், சாப்பாட்டு இடைவேளையை விட்டுவிட்டு.

ஓட்டக்காரி இருந்தால் வேலை செய்து டிக் போட்டோம். இல்லாதபோது டிக் மட்டும் போட்டோம். பிலிப்பாவின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

“வெள்ளிக்கிழமை வரேன்,” என்று எழுந்தேன்.

“எதோட வருவ?”

“தாளோட.”

*

வியாழக்கிழமை காலை ஆறே முக்கால். வெளியே கார்க் கண்ணாடிகளில் உறைபனி. தேநீர் அறையில் பெவ் வெஜிமைட் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். ரொமெல் கால்பந்துப் பந்தயத் தாளில் அந்த வாரம் யார் ஜெயிப்பார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தான். ருடோ சுவரோரம் நின்றாள். மற்ற மூவர் கதவருகே.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். இன்றும் நாளையும் மூன்று மணி டிக் கிடையாது. செய்ததற்கு டிக். செய்யாததற்கு ஒரு வட்டம். அந்த நேரத்தில் எந்தக் கட்டிலில் நின்றோமோ அதன் எண் வட்டத்துக்குள்.

“நான் வேலை செய்யலன்னு நானே எழுதணுமா?” என்றாள் பெவ்.

“அந்த வேலை செய்யல, வேற வேலை செஞ்சேன்னு எழுதணும்.”

“இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். என் தாள்ல ஒரு ஓட்டை பார்த்திருக்கியா?”

“பார்த்ததில்ல. அதைத்தான் பிலிப்பாவும் சொல்றா. பெவ்வுக்கு உதவியே வேண்டாம்னு.”

“அவ தாளை அந்தக் காலத்துல நான் முடிச்சுக் குடுத்திருக்கேன். ஞாபகம் இருக்கானு கேளு அவளை.”

“எனக்கு ரெண்டு வட்டம் இப்பவே போட்டு வைங்க,” என்றான் ரொமெல். “என் ஆள் நூத்தி நாப்பது கிலோ. திருப்ப நாலு பேர் வேணும். நாலு பேர் எங்க?”

ருடோ கை உயர்த்தினாள். ஹராரேயிலிருந்து வந்து இரண்டு ஆண்டு ஆகியும் பேசுமுன் கை உயர்த்துவாள்.

“சிஸ்டர், காலிக் கட்டம் இருந்தா பேர் போட்டு விசாரணை வரும்னு விதியில இருக்கு.”

“இருக்கு.”

“என் விசா மார்ச்ல புதுப்பிக்கணும். ஆஸ்பத்திரிதான் கடிதம் குடுக்கணும்.”

“தெரியும் ருடோ. நீ வட்டம் போடலேன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

“முதல்ல இந்த சிஸ்டரை விடுடி,” என்றாள் பெவ். “கேக்கிறவங்க இது கன்னியாஸ்திரி மடம்னு நெனச்சுப்பாங்க.”

“உங்களைப் பார்த்தா நெனைக்க மாட்டாங்க, சிஸ்டர் பெவ்.”

ரொமெல் தேநீரைச் சிந்தினான். பெவ்வும் சிரித்தாள். ஆனால் வட்டம் போடுகிறேன் என்று சொல்லவில்லை.

பலகையில் பெயர்களை எழுதினேன். குழாய் போட்டவர்கள் நால்வர், நால்வருக்கும் ஒவ்வொரு நர்ஸ். குழாய் இல்லாதவர்கள் நால்வர், இரண்டு நர்ஸ். மூன்றாம் கட்டில், ஐரிஸ், மயக்க மருந்தில் அமைதியாக இருந்தாள். குழாய் உண்டு. அதனால் கணக்கில் அவள் ஒரு முழு நர்ஸ். அவளுக்கு பெவ். நான்காம் கட்டில், கிளைவ், கோதுமை விவசாயி. முந்தின மாலை குழாயை எடுத்திருந்தார்கள். அதனால் அவர் அரை நர்ஸ். ஐந்தாம் கட்டில், ஜாஸ், பத்தொன்பது வயது, சர்க்கரை ஏறி வந்தவள். மணிக்கொரு முறை ரத்தம் எடுத்து மருந்தை மாற்றவேண்டும். அவளும் அரை. இரண்டு அரைக்கும் சேர்த்து ருடோ.

*

எட்டேகாலுக்குக் கிளைவ் மூக்கில் உணவு செலுத்தும் குழாயைப் பிடுங்கி எறிந்தார்.

“கண்ணு, கேட்டை யார் தொறந்து விட்டது? ஆடெல்லாம் ரோட்டுக்குப் போகுது.”

“நான் மூடிட்டேன் கிளைவ். படுங்க,” என்றாள் ருடோ.

“நீ மூடின லட்சணம் இங்கேருந்தே தெரியுது.”

ஒரு கால் கட்டில் கம்பிக்கு வெளியே. கழுத்தில் மருந்து ஏறும் குழாய். அதை இழுத்தால் ரத்தம் நிற்காது. குழப்பம் தெளியும்வரை அவர் கையை யாராவது பிடித்திருக்கவேண்டும். கட்டிப்போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். கட்டினால் இன்னும் மோசமாகும்.

பெவ் எதிர்க் கட்டிலிலிருந்து வந்தாள்.

“இந்தக் கிழட்டுச் செம்மறியை யார் உள்ள விட்டது?” என்றார் கிளைவ்.

“விட்டவன் வெளிய ஓட்டப் பயந்து ஒளிஞ்சிருக்கான். கையைக் குடு.”

கொடுத்தார். பெவ்விடம் எல்லோரும் கொடுப்பார்கள்.

அவருக்கு வயிறும் போய்க்கொண்டிருந்தது. சுத்தம் செய்ய இரண்டு பேர், சில தடவை மூன்று. முடித்துத் துணியை மாற்றி நிமிர்ந்தால் ஜாஸின் அடுத்த ரத்தத்துக்கு நேரம். ருடோ ஓடினாள். பெவ் கிளைவின் கையைப் பிடித்தபடி தலையைத் திருப்பித் திருப்பி ஐரிஸின் திரையைப் பார்த்துக்கொண்டாள். ஐரிஸின் எண்கள் நன்றாக இருந்தன. ஐரிஸ் தொந்தரவு தரவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு முதல் கட்டிலில் ரத்த அழுத்தம் விழுந்தது. நான் அங்கே போனேன். ரொமெலும் வந்தான். ஒன்றே காலுக்குத்தான் திரும்பிப் பார்த்தேன். பெவ் இன்னும் நான்காம் கட்டிலில் நின்றாள். முகத்தில் வியர்வை. கிளைவ் ஆட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“யாரு, நானா, ஆடா?”

மூன்று மணிக்கு ஆறாம் கட்டில் அருகே நின்றிருந்தேன். ரொமெல் தன் தாளில் ஐந்து வட்டம் போட்டிருந்தான். ஒவ்வொன்றிலும் 1 என்ற எண்.

“நோலா. இங்க வா.”

பெவ்வின் குரல். அவள் அப்படி மெதுவாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஐரிஸின் இடது இமை முழுதாக மூடியிருக்கவில்லை. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மயக்கத்தில் இருப்பவர்கள் இமைப்பதில்லை. அதற்காகத்தான் இரண்டு மணிக்கொரு முறை கண்ணில் மருந்து. டார்ச் அடித்தேன். கருவிழியில் பளபளப்பு இல்லை.

பெவ் தாளைக் காட்டினாள். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் டிக். இரண்டு மணிக் கட்டத்தில் டிக்.

“பத்து மணிக்குப் போட்டேன். அப்புறம் போடல. இப்ப டிக் போட்டுட்டு, மூடியிருக்கானு சும்மா பார்த்தேன்.”

டாக்டர் வந்தார். மஞ்சள் சொட்டு விட்டு நீல விளக்கில் பார்த்தார். ஒரு மெல்லிய கீறல் பச்சையாகத் தெரிந்தது.

“மேலோட்டமானதுதான். ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். நல்லவேளை, இப்பவே பார்த்தீங்க.”

ஐரிஸின் மகள் வெளியே காத்திருந்தாள். பெவ் தானே போனாள். நானும் பின்னால் போனேன்.

“உங்க அம்மா கண்ணுல ரெண்டு தடவை மருந்து போட்டிருக்கணும். நான் போடல. வேற கட்டில்ல நின்னேன். கண்ணுல கீறல் விழுந்திருக்கு. ஆறிடும்னு டாக்டர் சொல்றாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிறேன்.”

மகள் எழுந்து நின்றாள்.

“அம்மாவுக்கு ஒரு நர்ஸ் எப்பவும் கூடவே இருப்பாங்கன்னு சொன்னாங்களே?”

“சொன்னாங்க,” என்றாள் பெவ்.

திரும்பி வந்து இரண்டு டிக்கின் மேலும் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் கையெழுத்து, நேரம். கீழே இரண்டு வட்டம். உள்ளே 4, 4. பிறகு அன்றைய தாள் முழுவதையும் மேலிருந்து ஒருமுறை பார்த்து இன்னும் மூன்று டிக்கைக் கோடிட்டு நீக்கினாள்.

ருடோவின் இரண்டு தாள்களிலும் காலிக் கட்டம் இல்லை. எல்லாம் டிக்.

“சிஸ்டர்…”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு.”

*

வெள்ளி காலை ருடோ எனக்கு முன்பே வந்திருந்தாள். உடை மாற்றும் அறையில் ஒரு மடித்த காகிதத்தை நீட்டினாள். காலையில் நோயாளி விவரம் குறித்துக்கொள்ளும் காகிதம். பையிலேயே வைத்திருப்போம், வீடு போகுமுன் கிழித்துப்போடுவோம். அவள் கிழிக்கவில்லை.

பின்பக்கம் முழுதும் பொடி எழுத்து. எந்த நிமிடம் யாருக்கு என்ன செய்தாள், கூட யார் நின்றார்கள். 7.40–8.05 கிளைவ் சுத்தம், பெவ். 8.15–8.50 கிளைவ் குழாய், பெவ். 9.00 ஜாஸ் ரத்தம். இப்படியே மூன்றரை வரை.

“செய்யாததை எழுதப் பயமா இருந்துச்சு. செஞ்சதை எழுதலாம்தானே?”

கூட்டிப் பார்த்தேன். கிளைவுக்கு ஆறு மணி ஐம்பது நிமிடம். ஜாஸுக்கு நான்கு மணி பத்து. மொத்தம் பதினொன்று. அவளுடைய வேலை நேரம் எட்டு மணி. மீதி மூன்று மணி, அவள் ஜாஸிடம் நின்றபோது கிளைவின் கையைப் பிடித்திருந்த பெவ்வுடையது. பன்னிரண்டுக்கு நேராக எழுதியிருந்தாள்: கிளைவ், பெவ் தனியாக. பெவ்வின் வட்டத்துக்குள் 4. இரண்டும் சரியாகப் பொருந்தின.

அதே பன்னிரண்டுக்கு கிளைவைத் திருப்பியதாகவும் ஜாஸுக்கு வலி விசாரித்ததாகவும் ருடோவின் தாள்களில் டிக் இருந்தது. அப்போது அவள் ஜாஸின் ரத்த மாதிரியோடு பரிசோதனை அறையில் இருந்தாள். இந்தக் காகிதத்தைக் காட்டினால் அந்த டிக்குகள் நிற்காது.

“உனக்குத் தெரியுமா, இது…”

“தெரியும் சிஸ்டர். ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன்.”

“பேரை வெட்டிட்டுக் காட்டவா?”

ருடோ காகிதத்தை மறுபடி மடித்தாள்.

“வெட்டினா யாரோ கிறுக்கினதுன்னு சொல்வாங்க. இருக்கட்டும்.”

அன்றைய முறை முந்தின நாள் போலவே போனது. கிளைவ் கொஞ்சம் தெளிந்திருந்தார். ஜாஸ் ரொட்டி கேட்டாள். வட்டங்கள் குறையவில்லை. காலையில் காலியான எட்டாம் கட்டிலுக்கு விபத்தில் அடிபட்டவர் வந்தார். ருடோவின் தாள்களில் அன்று ஆறு வட்டம் இருந்தது.

*

மூன்று முப்பத்தைந்துக்குப் பிலிப்பாவின் அறைக்குப் போனேன். பதினாறு தாள்கள், ருடோவின் காகிதம்.

“இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு,” என்றாள்.

“போதும்.”

படித்தாள். வட்டங்களை விரலால் எண்ணினாள். நாற்பத்தேழு. ருடோவின் காகிதத்தை பெவ்வின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஐரிஸின் கண் பற்றிய குறிப்பில் நின்றாள்.

“பெவ்வா?”

“பெவ்தான்.”

“இது ரெண்டு நாள், அதுவும் காலை மட்டும். முந்தின பத்து நாள்?”

“அதெல்லாம் மூணு மணி டிக்.”

பிலிப்பா நாற்காலியில் சாய்ந்தாள்.

“இன்னும் அதே பேருதானா?”

“அதே பேருதான். உன் தாளை பெவ் முடிச்சுக் குடுத்திருக்காளாம். ஞாபகம் இருக்கானு கேக்கச் சொன்னா.”

“இருக்கு.” சன்னலைப் பார்த்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ காரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். “தொண்ணூத்தொம்பதுன்னு வந்தப்ப சந்தோஷப்பட்டேன். நல்ல யூனிட்னு. எப்படி வந்துச்சுன்னு கேட்டிருக்கணும். நானே போட்ட டிக்தானே.”

“இப்ப கேளு.”

“கேட்டா மேல என்ன சொல்வாங்க தெரியுமா? ரெண்டு நாளா வட்டம் போட்டது ஆள் கேட்டு நடத்துற நாடகம்பாங்க. முந்தின தாள்தான் உண்மைம்பாங்க. அதை உடைக்கணும்னா யாராவது எழுதிக் குடுக்கணும், முந்தினதுதான் பொய்னு. பேரோட. அது நர்ஸ் பதிவு வாரியம் வரைக்கும் போகும்.”

“காகிதம் குடு.”

“யோசிச்சுப் பண்ணு. உனக்கு இன்னும் பதினோரு வருஷ வேலை இருக்கு.”

“காகிதம் குடு பிலிப்பா. நாலாகப் போகுது.”

கொடுத்தாள். எழுதினேன்.

*நோலா கீட்டிங், பொறுப்பு நர்ஸ். காலை முறைத் தாள்களில் பல டிக்குகள் வேலை செய்யப்பட்ட நேரத்தில் போடப்பட்டவை அல்ல. முறை முடியும்போது போடப்பட்டவை. அவற்றில் சில வேலைகள் செய்யப்படவே இல்லை. முதல் திங்கள் ஆறாம் கட்டிலில் பத்து மணி டிக் என்னுடையது. நான் அந்த நோயாளியைத் திருப்பவில்லை. இந்த வழக்கம் எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. இந்த டிக்குகளை வைத்து எங்களுக்கு எத்தனை பேர் போதும் என்று முடிவு செய்யக் கூடாது.*

கையெழுத்துப் போட்டேன்.

“மத்தவங்க பேரு?”

“அவங்க பேரை அவங்க போடுவாங்க, வேணும்னா.”

பிலிப்பா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். அறிக்கையில் அந்தத் தொண்ணூற்றொன்பதை அழிப்பதைப் பார்த்தேன். அந்த இடத்தில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத நேரமானது. நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு அனுப்பினாள்.

“தாமதமாச்சு,” என்றேன்.

“ஆமா. நேரத்தை அப்படியே போட்டிருக்கேன்.”

*

திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று யூனிட்டுக்கு. காலை முறைக்கு மட்டும் ஓட்டக்காரி ஆறு வாரம் தொடரலாம். வட்டம் போடுவதும் தொடரவேண்டும், அதன்பின் மறுபரிசீலனை. மற்றொன்று எனக்கு. பத்தொன்பதாம் தேதி விசாரணை, தொழிற்சங்கத்திலிருந்து ஒருவரை அழைத்து வரலாம்.

பெவ் இரண்டாவது கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

“பத்தொம்பதாம் தேதி எனக்கு விடுமுறை. எத்தனை மணிக்கு?”

“பத்து.”

“என் பேரையும் சேர்க்கச் சொல்லி பிலிப்பாவுக்கு எழுதிட்டேன். ஒரே நாள்ல முடிச்சுக்கட்டும், அவங்களுக்கும் ஆள் குறைச்சல்தானே.”

ருடோவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று சங்கத்துப் பெண்ணிடம் பேசி எழுதி வைத்திருந்தாள். எனக்கும் ஒரு நகல் தந்தாள்.

மறுநாள் காலை ரொமெல்தான் ஓட்டக்காரி. எட்டுக் கட்டில்களும் நிறைந்திருந்தன. மூன்று மணிக்குத் தாள்களைச் சுற்றிப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது வட்டம். ஏழில் ஒரே எண், 2. இரண்டாம் கட்டில் பலகையில் அரை நர்ஸ்தான். அதை எழுதிக்கொண்டேன்.

மாலை முறைக்கு முதலில் வந்தவள் கோலட். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவளை இரண்டாம் கட்டிலின் தாளுக்கு அழைத்துப் போய், எது டிக், எது வட்டம், உள்ளே என்ன எண் என்று காட்டினேன்.

“எங்க முறைக்குத்தான் ஓட்டக்காரி தரலையே நோலா. நாங்க எதுக்கு இதைப் போடணும்?”

“தரலைங்கறதாலதான்,” என்றேன். “மூணு மணிலேருந்து ஆரம்பி.”